தமாரிந்தோவின் தலைக்குள் இருந்தவர்

என் அக்கா எர்மிலாவின் கணவர் எலியோதோரோ சுங்கா, பெரு நாட்டுப் பியூரா நகரத்து உள்ளூர்த் தொலைக்காட்சியில் கழுதையாக இருந்தார். இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும். தெரிந்திருந்தால் எங்கள் தெருவும் சிரித்திருக்கும். யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் அந்த வேலைக்கு முதல் விதி.

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளுக்கான அந்த நிகழ்ச்சி ஆரம்பிக்கும். வெள்ளை பூட்ஸ் போட்ட சொராய்தா அக்கா மைக்கைப் பிடித்துப் பாடுவாள். பக்கத்தில் புளியம்பழ நிறத்தில் ஒரு கழுதை இரண்டு காலில் நின்று ஆடும். அதன் பெயர் தமாரிந்தோ, புளி என்று அர்த்தம். ஊர்ச் சதுக்கத்துப் புளியமரங்களைப் பார்த்து இயக்குநர் வைத்த பெயர். தமாரிந்தோ பேசாது. தலையாட்டும், ஆடும், வலது காலை இழுத்து இழுத்து நடக்கும்.

அந்த நொண்டல் யாரும் யோசித்துச் செய்ததல்ல. பக்கத்து ஊரான காட்டகாவோசில் செருப்புத் தைக்கிறவர், வேஷத்துக்கான இரண்டு குளம்பையும் இடது கால் அச்சிலேயே செய்து கொண்டுவந்துவிட்டார். திருப்பிச் செய்ய நேரமில்லை. இயக்குநர் வலது குளம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நொண்டிக் கழுதையா இருந்துட்டுப் போகட்டும், விடுங்கய்யா" என்றாராம். அடுத்த வாரமே ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் வலது காலை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள்.

அத்தான் அதற்கு முன்னால் சந்தையில் மூட்டை தூக்கினார். ஆனால் திருவிழாவில் கைக்குட்டையைச் சுழற்றித் தொந்தேரோ நடனம் ஆட இறங்கினால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். அப்படி ஒரு திருவிழாவில் பார்த்துத்தான் இயக்குநர் கூப்பிட்டார். கூப்பிட்ட அன்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "உள்ள இருக்கறது யாருன்னு ஒரே ஒரு புள்ளைக்குத் தெரிஞ்சாலும் சரி, நீ வெளிய. உன் சொந்தப் புள்ளையா இருந்தாலும் அதே கதைதான்."

சொந்தப் பிள்ளை யெசேனியாவுக்கு அப்போது மூன்று வயது. அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தேன். விஷயம் அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், அவர் உள்ளே போட்டுக்கொள்கிற பனியனைத் துவைத்தது நான். பிழிந்தால் உப்பு வாடை அடிக்கும். எங்கள் ஊர் வெயிலில் அந்தத் தோலுக்குள் நிற்பது அடுப்புக்குள் நிற்கிற மாதிரி. மயக்கம் வராமலிருக்க, தண்ணீரில் நனைத்த முட்டைக்கோஸ் இலையை உச்சந்தலையில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு, அதற்குமேல் கழுதைத் தலையை மாட்டுவார். வீடு திரும்பும்போது இலை வெந்திருக்கும்.

தெருவுக்கும் மகளுக்கும் நாங்கள் சொன்ன பொய், அவர் அங்கே பெருக்குகிறார் என்பது. அதை நம்ப வைப்பதற்காக அத்தான் சனிக்கிழமை தோறும் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்புவார். பக்கத்து வீட்டு ரொசெந்தோ வாசலில் நின்றபடி கேட்பான்.

"என்ன எலியோ, டிவிக்காரங்க வீட்ல துடைப்பம் கூடக் கிடையாதா? நீதான் கொண்டு போகணுமா?"

"என் துடைப்பம் ராசியானதுப்பா."

"ராசியானதா? அப்ப அந்தக் கழுதை போடற சாணியும் உன் கணக்குலதானா?"

தெருவே சிரிக்கும். அத்தானும் சேர்ந்து சிரித்துக்கொண்டே போவார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் தெருப்பிள்ளைகள் எங்கள் வீட்டுத் தரையில் வந்து உட்காருவார்கள். நான் வாழைக்காய் வறுவலைக் கிண்ணத்தில் போட்டு நடுவில் வைத்துவிட்டு, சுவரோரம் நின்று பார்ப்பேன். தமாரிந்தோ வந்ததும் யெசேனியா ஓடிப்போய்த் திரையில் முத்தம் கொடுப்பாள். கண்ணாடியில் எச்சில் வட்டம் விழும். வீட்டுக்கு வந்ததும் அத்தான் முதலில் பார்ப்பது அந்த வட்டத்தைத்தான். அக்கா துடைக்கப் போனால், "இருக்கட்டும், காயட்டும்" என்பார்.

அந்த நிகழ்ச்சியில் ஒரு வழக்கம் இருந்தது. பிறந்தநாள் பிள்ளை கேக்கோடு வரும். பாட்டுப் பாடி முடித்ததும் தமாரிந்தோ மண்டியிட்டுக் காதைக் கொடுக்கும். பிள்ளை அதில் ஓர் ஆசையைச் சொல்ல வேண்டும். கழுதையிடம் சொன்னது வெளியே போகாது என்று சொராய்தா அக்கா மைக்கில் சொல்லுவாள். உள்ளே இருப்பவருக்குப் பாட்டுக் கேட்பதற்காக அந்தக் காதுக்கு மெல்லிய துணிதான் வைத்துத் தைத்திருந்தார்கள். பிள்ளைகள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அத்தானுக்குக் கேட்டது. சைக்கிள் கேட்டவர்கள் உண்டு. அப்பா அடிப்பதை நிறுத்த வேண்டும் என்றவர்கள், லிமாவுக்குப் போன அம்மா திரும்பி வரவேண்டும் என்றவர்களும் உண்டு. சில சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிடுவார். என்ன கேட்டார்கள் என்று எங்களிடம் சொல்லமாட்டார்.

ஒரே ஒரு முறை சொன்னார்.

யெசேனியாவின் ஆறாவது பிறந்தநாளுக்கு அக்கா அவளை அந்த நிகழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கேக்கைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். விளக்குகளைப் பார்த்ததும் எனக்குக் கூச்சம் வந்துவிட்டது. ஒரு திரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். யெசேனியா கேட்டாள், "அம்மா, அப்பா எங்க?"

"எங்கயாவது பெருக்கிட்டு இருப்பார்."

"இங்க வந்துடப் போறார், துடைப்பத்தோட. வர வேணாம்னு சொல்லும்மா."

பாட்டு முடிந்தது. கழுதை மண்டியிட்டது. யெசேனியா இரண்டு கையாலும் காதைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் கழுதை எழுந்திருக்கவில்லை. அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. சொராய்தா காதைப் பிடித்து இழுத்து, "என்ன கழுதை, தூங்கிட்டியா?" என்றாள். கூடத்தில் எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். அப்புறம்தான் எழுந்து ஆடியது.

மறுநாள் காலை நான் கொல்லையில் பனியனை அலசிக்கொண்டிருந்தேன். அத்தான் வந்து பக்கத்தில் குந்தினார்.

"தெல்மா, புள்ள என்ன கேட்டான்னு தெரியுமா?"

நான் பனியனை வாளி விளிம்பில் போட்டேன்.

"'நீ எங்க வீட்டுக்கு வந்துடு. எங்கப்பாவ இங்கயே விட்டுட்டுப் போயிடலாம், அவர் பெருக்கட்டும். நீ எனக்கு அப்பாவா இரு'ங்கறா." சொல்லிவிட்டுச் சிரித்தார். "பாரேன், எனக்குப் பதிலா என்னையே கூப்பிடறா."

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வாளித் தண்ணீரில் கையை விட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

சில வருடங்களில் அந்தத் தொலைக்காட்சியை மூடிவிட்டார்கள். நிகழ்ச்சியைப் பதிவு செய்த நாடாக்களில் முன்பே கால்பந்து ஆட்டமும் தேர்தல் கூட்டமும் ஏறியிருந்தன. கழுதைத் தோலை எலி தின்றது. அக்கா நோயில் படுத்து, யெசேனியாவுக்குப் பதினைந்து முடிவதற்குள் போய்விட்டாள். அத்தான் திரும்பவும் சந்தைக்குப் போனார். பிறகு சர்க்கரை வந்தது. இடது கால் விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் உண்மையாகவே நொண்டினார், இடது காலில்.

யெசேனியா நன்றாகப் படித்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பல் மருத்துவரிடம் வேலைக்குச் சேர்ந்து, அவருடைய தம்பியையே கல்யாணமும் செய்துகொண்டாள். கல்யாண விருந்தில் அத்தான் கொஞ்சம் குடித்திருந்தார். எழுந்து நின்று, "தமாரிந்தோ நான்தான்" என்று சொல்லிவிட்டார். சம்பந்தி வீட்டார் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நான் மெதுவாக, "ஆமாம்" என்றேன். என் குரல் எப்போதும் பக்கத்து நாற்காலியோடு நின்றுவிடும். யெசேனியா அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்து, "உக்காருங்கப்பா, நாளைக்குப் பேசிக்கலாம்" என்றாள். மறுநாள் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன். "அத்தான், அவ காதுல சொன்னத நீங்க திருப்பிச் சொன்னா நம்பிடுவாளே. அது வேற யாருக்குத் தெரியும்?"

அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார். அவர் என்னைக் கோபித்தது அந்த ஒரு தடவைதான்.

"சொல்லி? அப்பன் வேணாம்னு சொன்ன புள்ள நீதான்னு அவளுக்கு ஞாபகப்படுத்தவா? ஆறு வயசுல சொன்னது தெல்மா. அது அவளுக்குத் தெரியவே கூடாது. நீயும் வாயத் தெறக்கக் கூடாது."

போன வருஷம் தந்தையர் தினத்துக்கு வந்தபோது யெசேனியா கைப்பேசியை எடுத்து எங்களிடம் காட்டினாள். அவளும் அவளோடு படித்தவர்களும் சேர்ந்து, எங்கள் காலத்து டிவி என்று ஒரு குழு வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் வீட்டில் டிவியிலிருந்து பதிவு செய்த பழைய பிறந்தநாள் நாடா கிடைத்ததாம். படம் முழுக்கக் கோடு. கோடுகளுக்கு நடுவில் தமாரிந்தோ வலது காலை இழுத்துக்கொண்டு வந்தது.

"பாருங்கப்பா, பாருங்க! இந்த நடை! இத மாதிரி இனிமே எவன் ஆடுவான்?" யெசேனியாவின் கண் கலங்கிவிட்டது. "அப்ப அம்மா உயிரோட இருந்தா, நம்ம வீடு, சனிக்கிழமை... எல்லாம் இந்தக் கழுதைக்குள்ளதான் இருக்கு எனக்கு."

அத்தான் கைப்பேசியைக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் ஆடறான்" என்றார்.

மார்ச் மாதம் அரங்கத்தில் பெரிய விழா என்று அவள் சொன்னாள். சொராய்தா அக்கா வருகிறாள், தமாரிந்தோவும் திரும்பி வருகிறது. யெசேனியாவும் தோழிகளும் முன்வரிசையில் இடம் வாங்கிவிட்டார்கள்.

அவள் போனபின் அத்தான் சொன்னார், "ஒரே ஒரு தடவை தெல்மா. நான் அதுக்குள்ள ஏறி, கடைசிப் பாட்டுல தலையக் கழட்டணும். அவ முன்னாடி. ஒண்ணும் சொல்ல வேணாம். மொகத்தப் பாத்தாப் போதும், அவளே புரிஞ்சுப்பா."

விழா நடத்துகிற ஜேர்சன் என்ற பையனைப் பார்க்க இருவரும் போனோம். முப்பத்தைந்து வயதிருக்கும், தமாரிந்தோ படம் போட்ட சட்டை போட்டிருந்தான். மரியாதையாகத்தான் பேசினான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. நான்தான் தமாரிந்தோன்னு சொல்லிட்டு வர்றவர் நீங்க ஒருத்தர் இல்ல. சரி, கொஞ்சம் நடந்து காட்டுங்க."

அத்தான் நடந்தார். ஜேர்சன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"மாமா, தமாரிந்தோ வலது காலு. நீங்க இடது கால இழுக்கறீங்க. ஊர்ல அஞ்சு வயசுப் புள்ளைக்குக் கூட இது தெரியுமே."

"இது சர்க்கரைப்பா. அது குளம்பு."

"அதுவும் சரிதான். ஆனா பாருங்க, எங்க பையன் ஒருத்தன் லிமாவுல டான்ஸ் படிச்சவன். வீடியோ பாத்து அப்படியே பண்றான்."

சொராய்தா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். ஜேர்சன் அவளிடம் கேட்டான், "மேடம், இவரத் தெரியுமா?" அவள் நிமிர்ந்து அத்தானை ஒரு தடவை பார்த்தாள். "அந்தத் தோலுக்குள்ள எத்தனையோ பேர் ஏறினாங்க, எறங்கினாங்க. எனக்கு எல்லாரும் கழுதைதான்" என்று சொல்லிவிட்டு நகத்தை ஊதினாள்.

விழா அன்று காலை ஜேர்சனே ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒத்திகையில் லிமா பையன் வெயில் தாங்காமல் விழுந்துவிட்டானாம். ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஏற்றுகிறார்கள்.

"மாமா, நீங்க யாரா இருந்தாலும் பரவாயில்ல. அதுக்குள்ள ஒரு மணி நேரம் நிப்பீங்களா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் முட்டைக்கோஸ் எடுக்க அடுப்படிக்குப் போனேன்.

புதுத்தோல் பஞ்சு வைத்துத் தைத்தது, பழையதைவிடக் கனம் குறைவு. குளம்பு மட்டும் இறுக்கமாக இருந்தது. விரல் இல்லாத இடது காலை அதற்குள் திணித்தபோது அவர் உதட்டைக் கடித்தார். சொராய்தா எட்டிப்பார்த்து, "வலது காலு, மறந்துடாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே இருப்பவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் கடிவாளத்தைப் பிடித்து மேடை ஓரம்வரை கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் நான் மேடையில் நின்றது அன்று மட்டும்தான். கூச்சத்தில் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அவர் காலை நன்றாகப் பார்த்தேன். இடது கால் தானாக நொண்டியது. அதை அடக்கிக்கொண்டு வலது காலை வேண்டுமென்றே இழுத்தார். ஒவ்வோர் அடிக்கும் உடம்பு முழுக்க இடதுகாலின் மேல் விழுந்தது.

கழுதை வெளிச்சத்துக்கு வந்ததும் அரங்கம் கத்தியது. நாற்பது வயது ஆண்களும் பெண்களும் அழுதார்கள். கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்தார்கள். முன்வரிசையில் யெசேனியா தோழியின் தோளைப் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. அத்தான் ஆடினார். கைக்குட்டை இல்லை, ஆனாலும் கை கைக்குட்டையைச் சுழற்றுகிற மாதிரியே சுழன்றது. பழைய ஆட்டம்தான். தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில் அவர் மேடையின் முன்னால் போய் நின்றார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார். திருகினார். கழற்றினார்.

வியர்வையில் நரைமுடி ஒட்டிக்கிடந்தது. உச்சியில் வெந்துபோன இலை. அவர் சிரித்துக்கொண்டு முன்வரிசையைத் தேடினார். வெளிச்சத்தில் கண் கூசியது.

தூக்கிப் பிடித்திருந்த கைப்பேசிகள் கீழே இறங்கின. அப்புறம் ஒருத்தன், "டேய், மாட்டுடா!" என்றான். "யார்யா இந்தக் கெழவன்?" "மாட்டுங்க சார், கெடுக்காதீங்க!" "ஐயோ, தலையில கோஸு!" பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் உண்மையாகவே கோபத்தோடு கத்தினார்கள். ஒரு பெண் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு எல்லாரும் சேர்ந்து, பாட்டுப் பாடுவதுபோல, "மாட்டு! மாட்டு! மாட்டு!" என்றார்கள்.

சொராய்தா மைக்கைக் கீழே தாழ்த்தினாள். கிட்டே வந்து சிரித்த முகத்தோடே சொன்னாள், "எலியோ, மாட்டு." பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்போதும் தெரிந்திருந்தது.

யெசேனியா மேடைக்கு அடியில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "அப்பா" என்றாள். அத்தான் குனிந்தார். "போட்டுக்கோங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க. ப்ளீஸ்பா."

அவர் போட்டுக்கொண்டார். கைதட்டல் இடி மாதிரி விழுந்தது.

அதன்பிறகு படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்து, காதில் எதையாவது சொல்லிவிட்டுப் போனார்கள். யெசேனியாவும் வரிசையில் நின்று வந்தாள். அவளும் கட்டிக்கொண்டாள். அவளும் காதில் சொன்னாள். படம் எடுத்து முடிந்ததும் என்னை ஓரமாக இழுத்துப்போய்ச் சொன்னாள்.

"சித்தி, நல்ல மனுஷங்க. பாவம் வயசானவர், ஆசப்படறார்னு உள்ள ஏத்தி விட்டிருக்காங்க. இனிமே நான்தான் நான்தான்னு சொல்லமாட்டார், ஆச தீந்திருக்கும்."

"அவர்தான்டி" என்றேன்.

"நீங்களுமா சித்தி?" என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "அந்தத் தமாரிந்தோ வேற. எனக்குத் தெரியாதா? நான் அவன் காதப் பிடிச்சிருக்கேன்."

ஆறு வயதில் அவள் சொன்ன வார்த்தைகள் என் நாக்கு நுனிவரை வந்தன. அத்தான் அங்கே கழுதைத் தலையோடு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது பார்க்கிற மாதிரித் தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன், "அவ காதுல என்ன சொன்னா?"

"தேங்க்ஸ்னு சொன்னா."

"அப்பான்னு சொன்னாளா?"

"தமாரிந்தோன்னு." பிறகு, "தேங்க்ஸ் தமாரிந்தோ" என்று முழுசாகச் சொல்லிக் காட்டினார்.

குளம்பு அழுத்திய இடத்தில் புண் வந்தது. ஆறவில்லை. முதலில் பாதத்தை எடுத்தார்கள், பிறகு முழங்கால்வரை. யெசேனியா வாரம் தவறாமல் வந்தாள். அன்று எடுத்த படத்தைச் சட்டம் போட்டுக் கட்டிலுக்கு எதிரே மாட்டினாள். "எப்படி இருக்கேன் பாருங்கப்பா இதுல" என்றாள். "பாக்கறேம்மா" என்றார். அவளும் அவரும் சேர்ந்து எடுத்த படம் எங்கள் வீட்டில் வேறு நல்லதாக இல்லை. கல்யாணப் படத்தில் அவர் கண்ணை மூடியிருப்பார்.

ஆகஸ்டில் இறந்தார். வீட்டில்தான் கிடத்தினோம். யெசேனியாவின் தோழிகள் கறுப்பு உடுத்திக்கொண்டு வந்தார்கள். நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருத்தி சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "அட, தமாரிந்தோ!" என்றாள்.

"எங்கப்பா அந்த டிவியிலதான் வேல பார்த்தார்" என்றாள் யெசேனியா. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பெருக்கிட்டு இருந்தார். சனிக்கிழமை சனிக்கிழமை தமாரிந்தோவப் பக்கத்துல நின்னு பாத்திருப்பார்."

"குடுத்து வச்சவர்" என்றாள் அந்தத் தோழி.

நான் அவள் கையில் காப்பியைக் கொடுத்தேன்.